ரெனின் எத்தனை நாள் தூங்கியது?

லிஃப்டின் கூரை மேல் ஒரு பிணம் கிடக்கிறது என்று போன் வந்தபோது, இன்ஸ்பெக்டர் ஒரு காலில் பூட்ஸ் மாட்டியிருந்தார்.

இன்னொரு காலையும் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஒன்பது மாடிக் கட்டடம். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் செத்துப்போய் நின்றிருந்தது. வாட்ச்மேன் ஐந்தாவது மாடிக் கதவை விலக்கி, டார்ச் அடித்தார்.

கிரீஸ் படிந்த கம்பிகளுக்கு நடுவே ஓர் ஆள். மல்லாக்கக் கிடந்தான். கண்கள் திறந்திருந்தன. கை பக்கவாட்டில் தொங்கியது. தலைமாட்டில் டூல்ஸ் பை.

"யாருய்யா இது?"

"லிஃப்ட் மெக்கானிக் சார். காலையில ரிப்பேருக்கு ஏறினாரு. அப்புறம் சத்தமே இல்ல."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். முப்பத்தெட்டு, நாற்பது இருக்கலாம்.

"பாவம். நல்ல வயசு."

"பாவமாவது புண்ணாக்காவது..." என்றது பிணம். "ஒரு மணி நேரமா கத்துறேன். செவிடனுங்களாய்யா நீங்கள்லாம்? கையும் வரல, காலும் வரல. தூக்குங்கய்யா முதல்ல!"

வாட்ச்மேன் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டார்.

*

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்க வந்தவர் கிட்னி டாக்டர். ஐம்பது வயசுப் பெண்மணி. யார் வந்தாலும் "உப்பைக் குறைங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ஒரே பெயர். உப்பு டாக்டர்.

பிரஷர் இருநூற்று முப்பது.

ரத்தத்தில் பொட்டாசியம், இருக்கவேண்டியதில் பாதிக்கும் கீழே.

"பொட்டாசியம் இவ்வளவு இறங்கினா தசை வேலை செய்யாது" என்றார் உப்பு டாக்டர், டிரிப்பைச் சரிசெய்தபடி. "இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தா இதயம் நின்னிருக்கும். வீட்டுல என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"நான் எதுவும் சாப்பிடல. எனக்குக் குடுக்குறாங்க."

"யாரு?"

"வேற யாரு? என் பொண்டாட்டி. மருந்துக்கடையில வேலை பாக்குறா. எட்டு மாசமா தலை வெடிக்குது, கால் இழுக்குது. கேட்டா, டென்ஷனைக் குறைங்கங்கிறா. எதையோ கலக்குறா டாக்டர். எத்தனை தடவை சொல்றது, எழுதுங்க!"

"மெதுவா பேசுங்க. பக்கத்துல நோயாளிங்க இருக்காங்க."

"நான் மட்டும் என்ன கல்யாணத்துக்கா வந்திருக்கேன்?"

இவனோடு ஒரு பெண் ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாளா என்று உப்பு டாக்டருக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பெண்ணைப் பார்க்காமலே அவள் மேல் பரிதாபம் வந்துவிட்டது.

பார்த்ததும் இன்னும் கூடியது.

அவள் ஐந்து நாளாகத் தன் அக்கா வீட்டில் இருந்திருக்கிறாள். தகவல் தெரிந்ததும் ஆறு வயசு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஒல்லி. மெல்லிய குரல். சத்தமே போடவில்லை.

"அவருக்கு ஒண்ணும் ஆகாதே, டாக்டரம்மா?"

"பிழைச்சுக்குவார். உங்களுக்குள்ள என்ன சண்டை?"

அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு வெளிநாட்டுல ஒரு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. பாப்பாவையும் கூட்டிட்டுப் போகணும். அவர் கையெழுத்துப் போடாம பாப்பாவுக்கு பாஸ்போர்ட் கிடைக்காது. அவர் போட மாட்டேங்கிறார். அதான் அக்கா வீட்டுக்குப் போயிட்டேன்."

உப்பு டாக்டர் பாப்பாவின் கன்னத்தைத் தட்டினார். பாப்பா அம்மாவின் கழுத்தில் முகத்தை ஒளித்துக்கொண்டது.

*

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது.

இன்ஸ்பெக்டர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தார். நேராகப் பிடித்தும் படித்தார். இரண்டும் ஒன்றுதான்.

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க டாக்டர்."

"கிட்னின்னா வெறும் மூத்திரம் பிரிக்கிற சமாச்சாரம்னு நினைக்காதீங்க சார். உடம்போட பிரஷருக்கு வாட்ச்மேனே அதுதான். பிரஷர் இறங்கினா கிட்னி ரெனின்னு ஒண்ணை ரத்தத்துல விடும். அது போய் ஒருத்தரை எழுப்பும், அவர் இன்னொருத்தரை எழுப்புவார். கடைசியில கிட்னி தலையில தொப்பி மாதிரி உக்காந்திருக்கே அட்ரினல் சுரப்பி, அது ஆல்டோஸ்டிரோன்னு ஒரு ஹார்மோனை அனுப்பும்."

"எங்க ஆபீஸ் ஃபைல் மாதிரி இருக்கு. சரி, அந்த ஆல்டோ என்ன பண்ணும்?"

"திரும்பக் கிட்னிக்கே வந்து உத்தரவு போடும். உப்பைப் பிடிச்சு வை, பொட்டாசியத்தை வெளிய தள்ளு. உப்பு நின்னா தண்ணி நிக்கும். தண்ணி நின்னா பிரஷர் ஏறும். ஏறினதும் ரெனின் தூங்கப் போயிடும். இதான் வழக்கம்."

"இவனுக்கு?"

"இவர் கிட்னி உப்பைப் பிடிச்சு வச்சிருக்கு. பொட்டாசியத்தை வாரி இறைச்சிருக்கு. ஆனா ரெனினும் தூங்குது, ஆல்டோஸ்டிரோனும் தூங்குது."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப உத்தரவு போட்டது யாரு?"

"வெளியாள்."

"கள்ளக் கையெழுத்து!"

"அதேதான். அட்ரினல் வேலை செய்யாதவங்களுக்குக் குடுக்குற மாத்திரை ஒண்ணு இருக்கு. அந்த ஹார்மோன் செய்யிற வேலையை அப்படியே செய்யும். நல்ல ஆளுக்குக் குடுத்தா இந்தக் கதிதான்."

"மருந்துக்கடையில கிடைக்குமா?"

உப்பு டாக்டர் பதில் சொல்லத் தயங்கினார். சொல்லாமலும் முடியவில்லை.

"கிடைக்கும்."

"அவ அஞ்சு நாளா வீட்டுலயே இல்லயே?"

"மாசக்கணக்குல குடுத்துட்டு நிறுத்தினா, அதுக்கப்புறமும் அஞ்சாறு நாள் ஆட்டம் இருக்கும். நடக்கக்கூடியதுதான்."

அன்று மாலையே அவளைக் கைது செய்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில்தான். பாப்பா அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஒரு பெண் போலீஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

அவள் அழவில்லை. ஜீப்பில் ஏறும் முன் உப்பு டாக்டரைப் பார்த்து, "பாப்பாவுக்கு ராத்திரியில காது வலிக்கும் டாக்டரம்மா. அக்காகிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

உப்பு டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள்தான் அவளை ஜீப்பில் ஏற்றியது. அந்தத் தாளில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அவர் அங்கேயே நின்றார்.

*

உப்பு டாக்டருக்கு இரண்டு நாள் வேறு நினைப்பே ஓடவில்லை.

மாத்திரை உள்ளே போயிருக்கிறது. சரி. ஆனால் எத்தனை நாளாக?

அவன் எட்டு மாசம் என்கிறான். அவன் சொல்வதுதானே அது? அவனாகவே நாலு நாள் விழுங்கிவிட்டுப் பழியைப் பொண்டாட்டி மேல் போட்டிருந்தால்? ஜெயிலுக்குப் போனவள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வெளிநாட்டுக்குப் போக முடியாதே!

ஆறாம் நாள் காலை இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டார்.

"சார், ரெனின் எத்தனை நாள் தூங்கியிருக்குன்னு கண்டுபிடிச்சிடலாம்."

"அதுக்கு எதுவும் டைரி எழுதி வச்சிருக்கா?"

"கேளுங்க. எட்டு மாசம் தூங்கினவனை எழுப்பினா உடனே எழுந்திருப்பானா? வாரக்கணக்குல ஆகும். நாலு நாள் கண்ணசந்தவன் டக்குனு எழுந்துக்குவான். மருந்து உடம்பை விட்டுப் போயிருக்கு. இன்னைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்குறேன். ரெனின் இன்னும் தூங்கினா, அவ குற்றவாளி. முழிச்சிருந்தா, மருந்து உள்ள போனதே அவன் விழுறதுக்கு முந்தின நாலஞ்சு நாள்தான். அப்ப அவ வீட்டுல இல்ல."

"அப்ப அவனே..."

"அவனேதான்."

ரத்தம் எடுக்க ஊசி அண்ணனைக் கூப்பிட்டார் டாக்டர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். குத்தியது தெரியாமல் குத்துவார் என்று பெயர்.

"அண்ணே, இது ரொம்ப ரொம்ப முக்கியம். ஒரு பொண்ணோட வாழ்க்கை இந்தக் குழாய்ல இருக்கு. பெரிய லேப் ஊருக்கு அந்தக் கோடியில இருக்கு. நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. பத்திரம்."

"என் சொந்தப் பொண்ணு ரத்தம் மாதிரி கொண்டுபோறேன் மேடம்" என்றார் ஊசி அண்ணன்.

கட்டிலில் கிடந்தவன் கையை இழுத்துக்கொண்டான். இப்போது கை நன்றாகவே வேலை செய்தது.

"எத்தனை தடவைதான் உறிஞ்சுவீங்க? அதான் அவளைப் பிடிச்சாச்சுல்ல?"

"சும்மா ஒரு டெஸ்ட்" என்றார் உப்பு டாக்டர்.

"பாப்பா எங்க? அதைச் சொல்ல மாட்டேங்கிறீங்க. எவளும் சொல்ல மாட்டேங்கிறா. என் பொண்ணை நான் பார்க்கணும். கேக்குதா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. உப்பு டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நடந்தார்.

மறுநாள் ரிப்போர்ட்.

ரெனின் முழித்திருந்தது. சாதாரண அளவைவிடக் கொஞ்சம் அதிகமாகவே முழித்திருந்தது.

உப்பு டாக்டர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஆறு நாளில் முதல் முறையாக அவருக்குப் பசித்தது.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. இன்ஸ்பெக்டர் அவனுடைய டூல்ஸ் பையைக் கொட்டினார். ஸ்பேனர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப். அடியில், கிரீஸ் துணிக்குள், ஒரு காலி மாத்திரை அட்டை.

அதே மாத்திரை.

"இது என்னோடது இல்ல!" என்று அவன் கத்தினான்.

"பை?"

"பை என்னோடதுதான்... அட்டை என்னோடது இல்ல. என்னையே நான் ஏன்யா கொல்லணும்? லிஃப்ட் கூரை மேல ஏறிச் சாகணும்னு எனக்கு வேண்டுதலா?"

"கணக்குத் தப்பிப் போச்சு. கொஞ்சம் மயங்கி விழலாம்னு பார்த்தே, ஒரேயடியா படுத்துட்டே."

அவன் கத்தினான். திட்டினான். டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டான். அவன் கத்தக் கத்த, எல்லோருக்கும் சந்தேகம் தீர்ந்துகொண்டே வந்தது.

*

சில மாசம் கழித்து, கோர்ட்டில் உப்பு டாக்டர் முக்கால் மணி நேரம் பேசினார். ரெனினை நீதிபதிக்குப் புரியவைத்தார். பொய்ப் புகார், பொய்ச் சாட்சியம், மனைவியைச் சிக்கவைக்கச் சதி. அவனை உள்ளே அனுப்பினார்கள். குழந்தை அம்மாவிடம். பாஸ்போர்ட்டுக்கு அப்பாவின் கையெழுத்து தேவையில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது.

கூண்டிலிருந்து இறங்கும்போது அவன் கத்தவில்லை. அதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். உப்பு டாக்டர் பக்கத்தில் வந்தபோது மட்டும் நின்றான்.

"நீங்க படிச்சவங்க. நீங்களாவது நம்புவீங்கன்னு நினைச்சேன்" என்றான்.

நல்லா நடிக்கிறான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

*

அதற்கு மூன்று மாசம் கழித்து ஒரு மதியம். ஊசி அண்ணன் வேறொரு நோயாளியின் ரத்தக் குழாயோடு டாக்டர் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மேடம், இதுவும் ரெனின்தான். அந்தப் பொண்ணு கேஸுக்குச் செஞ்ச மாதிரியே செஞ்சிடட்டுமா?"

"எப்படிச் செஞ்சீங்க?"

"ஐஸ்ல வச்சுத்தான். நீங்க அவ்வளவு தூரம் சொன்னீங்களே. பெட்டி நிறைய ஐஸ் போட்டு, நடுவுல குழாயைச் சொருகி, மூணு மணி நேரம் ஒரு துளி சூடு படாம கொண்டுபோய்ச் சேர்த்தேன். இந்த மாதிரி சின்னச் சின்ன ஹார்மோன் எல்லாம் ஐஸ்லதானே நிக்கும்?"

உப்பு டாக்டர் எழுந்து நின்றார். பேனா உருண்டு கீழே விழுந்தது.

"அண்ணே... மத்ததெல்லாம் ஐஸ்ல நிக்கும். ரெனினை ஐஸ்ல வைக்கக் கூடாது."

"கெட்டுப் போயிடுமா மேடம்?"

"கெட்டுப் போனாத்தான் பரவாயில்லயே. ரத்தத்துல ரெனின் ரெண்டு தினுசா இருக்கும். வேலை செய்யறது கொஞ்சம், இன்னும் பக்குவமாகாதது நிறைய. ஐஸ்ல வச்சா அந்தப் பக்குவமாகாததும் குழாய்க்குள்ளயே வேலைக்கு வந்துடும். உடம்புல தூங்கிட்டிருந்தாலும், குழாய்ல முழிச்ச மாதிரி காட்டும்."

ஊசி அண்ணன் கையிலிருந்த குழாயை மேஜை மேல் வைத்தார்.

"முதல் தடவை நானே ஐஸ் இல்லாம லேபுக்குக் கொண்டுபோனேன். அப்போ சரியா வந்துச்சு. ரெண்டாவது தடவைதான்... முக்கியம் முக்கியம்னு நான்தான் உங்களைப் பயமுறுத்திட்டேன்."

"மேடம், நான் நல்லதுக்குத்தான்..."

"தெரியும்ணே. நீங்க அலட்சியமா சட்டைப் பையில போட்டுட்டுப் போயிருந்தா ஒரு மனுஷன் தப்பிச்சிருப்பான்."

போனை எடுத்து அவளுடைய நம்பரைத் தேடினார். நாட்டை விட்டுப் போன பிறகு அவள் ஒரு நன்றிச் செய்தி அனுப்பியிருந்தாள், புது நம்பரிலிருந்து. பாப்பா ஊஞ்சலில் ஆடும் படம் ஒன்றும் கூடவே வந்திருந்தது.

நாலாவது ரிங்கில் எடுத்தாள்.

"சொல்லுங்க டாக்டரம்மா." அதே மெல்லிய குரல்.

"அந்த ரெண்டாவது டெஸ்ட் தப்பு. ஐஸ்ல வச்சுட்டாங்க."

"ஐஸா!" என்றாள் அவள். உண்மையாகவே வியந்த குரல். "அதான் பார்த்தேன். எட்டு மாசம் தூங்கினது ஆறு நாள்ல எழுந்துடுச்சுன்னு நீங்க கோர்ட்ல சொன்னப்ப, எனக்கே ஒண்ணும் புரியல டாக்டரம்மா. நான் அவர் பையில வச்ச அந்த அட்டையை மட்டும்தான் நம்பியிருந்தேன்."

உப்பு டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உன்னை... அடிப்பாரா அவர்?"

"ஒரு நாளும் கை ஓங்கினதில்ல. பாப்பான்னா உயிர். கத்துவார், அவ்வளவுதான். கத்துறவங்களை யாரும் நம்ப மாட்டாங்க. எனக்கு அது வசதியாப் போச்சு. கையெழுத்துப் போட்டிருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன்." பின்னால் பாப்பா எதற்கோ சிரிப்பது கேட்டது. "வச்சிடறேன் டாக்டரம்மா. பாப்பாவைக் குளிக்க வைக்கணும்."

அதற்கப்புறம் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை.

*

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"இப்ப அவன் ரத்தத்தைத் திரும்ப எடுத்தா?"

"மாசக்கணக்கா ஆச்சு சார். இப்ப எல்லாமே தானா முழிச்சிருக்கும். நாலு நாள் தூங்கினதா, எட்டு மாசம் தூங்கினதான்னு யாராலயும் சொல்ல முடியாது."

"அந்தப் பழைய குழாய்?"

"ஒரு வாரத்துல கொட்டிடுவாங்க."

"போன்ல சொன்னாளே?"

"நான் மட்டும்தான் கேட்டேன்."

"அவளைக் கூட்டிட்டு வர..."

"எந்த ஊர்ல இருக்கான்னே தெரியாது. வேலை கிடைச்சதா சொன்னாளே, அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில கேட்டேன். வேலையில சேரவே இல்லயாம்."

வராந்தாவில் யாரோ டிராலி தள்ளிக்கொண்டு போனார்கள்.

"என் ரிப்போர்ட் தப்புன்னு கோர்ட்டுக்கு எழுதிட்டேன்" என்றார் உப்பு டாக்டர். "இன்னைக்கே குடுத்துடுவேன். என் பேர் போனாலும் பரவாயில்ல."

"குடுங்க. ஆறு மாசமோ ஒரு வருஷமோ, இழுத்தடிச்சு அவனை வெளிய கொண்டு வந்துடலாம்." இன்ஸ்பெக்டர் குரல் இறங்கியது. "வெளிய வந்ததும் அவன் முதல்ல என்ன கேப்பான் தெரியுமா?"

தெரியும். பாப்பா எங்க என்று கேட்பான். அதற்கு இந்த இரண்டு பேரிடமும் பதில் இல்லை. ஒருவர் படித்தவர், ஒருவர் அதிகாரி. இரண்டு பேரும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் நெற்றிப் பொட்டை அழுத்திக்கொண்டார். "தலையைச் சுத்துது டாக்டர்."

உப்பு டாக்டர் பழக்க தோஷத்தில் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். முள் ஏறியது. இறங்க மறுத்தது.

"நூத்தி தொண்ணூறு. எத்தனை நாளா இருக்கு இது? எதுக்கும் உங்களுக்கும் ஒரு ரெனின் பார்த்துடலாமா?"

இன்ஸ்பெக்டர் அவசரமாகக் கையை உருவிக்கொண்டார்.

"வேணாம் டாக்டர். என் பொண்டாட்டி மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. உங்க லேப் மேலதான் இல்ல."